ரயில் டேங்கர் விபத்தில் முதலில் போய் நிற்பவர்களுக்கு எதைக் கற்பிக்க வேண்டும்?

தாழையூத்துக்காரன் கேட்டது:

வணக்கம். கங்கைகொண்டானுக்கும் தாழையூத்துக்கும் இடையே தண்டவாளத்தை ஒட்டிய எங்கள் ஊரில், ஊராட்சிப் பணியாளர்களும் இளைஞர்களுமாக முப்பது பேருக்கு ஒருநாள் பயிற்சி நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. 2025 ஜூலை 13 அன்று திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிய சரக்கு ரயில் தடம்புரண்டு எரிந்ததைப் பார்த்த பிறகு எழுந்த யோசனை இது. முன்பு நான் கலந்துகொண்ட ஒரு பயிற்சியில், தகரத் தட்டில் டீசலை ஊற்றிக் கொளுத்தி, ஆளுக்கொரு முறை தீயணைப்பானைப் பீய்ச்சச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். டேங்கர் வேகனின் படத்தைக்கூட யாரும் காட்டவில்லை. தீயணைப்பு வண்டி வந்து சேரும் வரையிலான நேரத்தில் எங்களைப் போன்றவர்கள் உண்மையில் என்ன செய்ய முடியும்?

ஓய்வுபெற்ற தீயணைப்பு அலுவலர் எழுதியது:

அண்ணாச்சி, தட்டுத் தீயை அணைத்துப் பழகியவன் டேங்கரை நோக்கியும் அதே துணிச்சலோடு நடப்பான் என்பதால், அந்தப் பயிற்சி பயனற்றது மட்டுமல்ல, ஆபத்தானதும்கூட. அமெரிக்காவில் இத்தகைய பயிற்சியைப் படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் படியில் இருப்பவரின் வேலை பொருளை அடையாளம் காண்பது, விலகி நிற்பது, பிறரை விலக்குவது, தகவல் சொல்வது ஆகியவையே. கசிவை அடைப்பது மூன்றாம் படியில், அதற்கான உடையும் கருவியும் உள்ளவர்களின் வேலை. உங்கள் முப்பது பேருக்கும் முதல் படியே போதும். ஆனால் அது கைவரும்வரை பழக்க வேண்டும்.

பெட்ரோல், டீசல் ஏற்றும் பி.டி.பி.என். வேகனையும், எரிவாயு ஏற்றும் பி.டி.பி.ஜி.எல்.என். வேகனையும் படங்களைக் கொண்டு தூரத்திலிருந்தே பிரித்தறியச் செய்யுங்கள். அபாயகரமான பொருள் ஒவ்வொன்றையும் அடையாளம் காட்டும் நான்கிலக்க ஐ.நா. எண்களில் 1203 பெட்ரோல், 1202 டீசல், 1075 சமையல் எரிவாயு, 1005 அம்மோனியா, 1017 குளோரின் என்னும் ஐந்தை மனப்பாடம் செய்யவைத்தால் நல்லது. ஒரு பைனாகுலர் வாங்கிவிடுங்கள். எழுத்தைப் படிக்க அருகே போகிறவர்தான் முதலில் விழுவார்.

எரிவாயு டேங்கரைத் தீ சூழ்ந்தால், எல்லாத் திசையிலும் 1,600 மீட்டர் விலக வேண்டும் என்பதே வட அமெரிக்க அவசரகால வழிகாட்டி சொல்லும் அளவு. பெட்ரோலுக்கு 800 மீட்டர். தொட்டியின் உள்ளே திரவம் இல்லாத மேற்பகுதி சூடேறும்போது எஃகு வலுவிழந்து கிழிகிறது. கிழிந்த கணத்தில் திரவம் முழுவதும் கொதித்து, தீப்பந்தாக எழுகிறது. 1973 ஜூலை 5 அன்று அரிசோனாவின் கிங்மனில் புரோபேன் ரயில் டேங்கர் இப்படி வெடித்துப் பதினொரு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். பாதுகாப்பு வால்வின் இரைச்சல் கூடிக்கொண்டே போனால், அங்கே நின்று யோசிக்க நேரமில்லை.

மற்றொன்று, குடமும் கேனும் எடுத்துக்கொண்டு வரும் கூட்டம். 2017 ஜூன் 25 அன்று பாகிஸ்தானின் அகமதுபூர் ஷர்கியா அருகே, கவிழ்ந்த லாரியிலிருந்து பெட்ரோல் பிடிக்கக் கூடியவர்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் எரிந்து இறந்தார்கள். அந்தக் கூட்டத்தை அதட்டித் திருப்பி அனுப்ப உங்கள் ஊர் ஆளால்தான் முடியும்.

மணியாச்சி ரயில்வே ஊழியர் எழுதியது:

மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் இருக்கிறது. கம்பி அறுந்து கிடந்தாலும், மின்சாரம் துண்டிக்கப்பட்டுப் புவியிணைப்பும் கொடுக்கப்பட்டது என்று ரயில்வே ஆள் சொல்லும்வரை அதை உயிருள்ள கம்பியாகவே கருத வேண்டும். வாளித் தண்ணீரோ குழாய் நீரோ அந்தப் பக்கம் பாயக் கூடாது. இடத்தைச் சொல்லும்போது "வேப்பமரத்துக்குப் பக்கத்தில்" என்றால் எங்களுக்குப் புரியாது. மின்கம்பத்தில் எழுதியிருக்கும் கிலோமீட்டர் எண்ணைச் சொல்லுங்கள். கேட் கீப்பரிடமோ நிலைய அதிகாரியிடமோ உடனே சொன்னால், அடுத்த தண்டவாளத்தில் வரும் வண்டியையும் நிறுத்தலாம். எந்த வேகனில் என்ன சரக்கு என்ற விவரம் ஓட்டுநரிடமும் வண்டி மேலாளரிடமும் (முன்பு கார்டு என்றோம்) இருக்கும். அவர்கள் இறங்கி வந்துவிட்டால் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

கயத்தாறு வேதியியல் ஆசிரியை எழுதியது:

காற்றின் திசையை யாரும் சொல்லவில்லையே. நம் பக்கம் ஆனி, ஆடியில் மேல்காற்றும், ஐப்பசி, கார்த்திகையில் வாடையும் வீசுவதால், ஒரே கூடுமிடத்தைக் குறித்துவைப்பது தவறு. தண்டவாளத்துக்கு மேற்கே ஒன்றும் கிழக்கே ஒன்றுமாக இரண்டு வேண்டும். எங்கள் ஊர்க் காற்றாலைகள் எந்தத் திசைக்கு முகம் காட்டிச் சுழல்கின்றனவோ, அந்தத் திசையிலிருந்தே காற்று வருகிறது. காற்றாலை தெரியாத இடத்தில் பனையோலை போதும்.

அம்மோனியா காற்றைவிட இலேசானது என்று பாடத்தில் படித்தவர்கள் ஏமாந்துவிடக் கூடாது. அது திரவமாகக் கசியும்போது கடுங்குளிர்ந்த மேகமாகத் தரையோடு தவழ்ந்தே முதலில் வரும். மேகத்தின் மீது தூவானமாகத் தண்ணீர் தெளிப்பது உதவும். தேங்கிக் கிடக்கும் திரவத்தின் மீது ஊற்றினால் ஆவி இன்னும் மிகும். குளோரின் காற்றைப்போல் இரண்டரை மடங்கு கனமானதால் ஓடையிலும் பள்ளத்திலும் தங்கும். பெட்ரோல் வாய்க்கால் நீரின் மேல் மிதந்தபடி அடுத்த ஊரின் படித்துறை வரை போய்விடும் என்பதால், மடையை அடைப்பவர் யார் என்பதை அன்றே பெயர் சொல்லிக் குறித்துவிடுங்கள்.

தாழையூத்துக்காரன் எழுதியது:

அண்ணாச்சிக்கும் அக்காவுக்கும் மணியாச்சி நண்பருக்கும் நன்றி. தீயணைப்பானைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டேன். காலையில் படங்களும் பைனாகுலரும், பிற்பகலில் லெவல் கிராசிங் அருகே, தண்டவாளத்துக்கு வெளியே நின்று, ஒவ்வொருவரும் ஒருமுறை தொலைபேசித் தகவலைச் சொல்லிப் பார்ப்பார்கள்: "கம்பம் எண் இது, வேகன் இத்தனை கவிழ்ந்திருக்கிறது, எண் 1203, தீ இல்லை, கசிவு இருக்கிறது, காற்று மேற்கிலிருந்து, நாங்கள் மேற்குக் கூடுமிடத்தில் நிற்கிறோம்."