எஃப்-150க்கு சில்வராடோ வீல் போடலாமா? ரெண்டுலயும் 6 ஓட்டைதானே

ஹூஸ்டன்வாசி:
வணக்கம் மக்களே. என்கிட்ட 2012 ஃபோர்டு எஃப்-150 பிக்கப் இருக்கு, கூட வந்த 18 இஞ்ச் வீலெல்லாம் உரிஞ்சு போய் பாக்கவே சகிக்கல. மார்க்கெட்பிளேஸ்ல ஒருத்தர் 2015 செவர்லே சில்வராடோ பிக்கப்ல இருந்து கழட்டின 20 இஞ்ச் வீல் நாலும் டயரோட 600 டாலருக்குத் தர்றேங்கறார், டயர்ல பட்டன் நல்லாவே இருக்கு. ரெண்டு வண்டிலயும் 6 போல்ட்டு, எண்ணிப் பாத்துட்டேன். நெட்ல ஒண்ணு 6×135, இன்னொண்ணு 6×139.7ன்னு போட்டிருக்கான், 5 எம்எம் கூட வித்தியாசம் இல்ல, இதுக்கா இவ்ளோ பயமுறுத்தறாங்க? சனிக்கிழமை வந்து எடுத்துக்கறேன்னு வேற சொல்லிட்டேன்.

ரெஞ்சுராஜா:
வேணாம் ப்ரோ, போன் போட்டு கேன்சல் பண்ணுங்க. முதல் நம்பர் ஓட்டை எத்தனைன்னு, ரெண்டாவது அந்த ஓட்டைங்களோட சென்டர் வழியா ஒரு வட்டம் போட்டா அதோட விட்டம், எம்எம்ல. அதத்தான் பிசிடிங்கறாங்க. எஃப்-150 2004ல இருந்தே 6×135, சில்வராடோ 1500 6×139.7, அதாவது அஞ்சரை இஞ்ச். விட்டத்துல 4.7 எம்எம்னா ஒவ்வொரு ஸ்டட்டும் (வண்டில இருந்து நீட்டிட்டு இருக்கற போல்ட்டு) ஓட்டையோட சென்டர்ல இருந்து 2 எம்எம்முக்கு மேல தள்ளி நிக்கும். நட்டோட கூம்பு வீல்ல இருக்கற கூம்புக் குழில முழுசா உக்காரணும், இங்க ஒரு ஓரம் மட்டும் தொடும், கைக்கு டைட்டான மாதிரியே தெரியும், ஓட ஓட லூசாகி ஸ்டட்டு முறியும்.

அதுக்கும் முன்னாடி ஒண்ணு இருக்கு. உங்க வண்டில நடு ஹப் (வீல் போய் உக்கார்ற வட்ட மூக்கு) 87.1 எம்எம், சில்வராடோ வீலோட நடு ஓட்டை 78.1 தான். ஹப் மூக்குலயே முட்டிக்கிட்டு நிக்கும், உள்ள போகாது.

லிஃப்ட்கிட்லிங்கம்:
ஹப்புக்கும் வீலுக்கும் நடுவுல அடாப்டர் தட்டு போட்டா முடிஞ்சுது பாஸ், 135ல இருந்து 139.7க்கு மாத்தறது கடைல கிடைக்குது. ஒன்றரை இஞ்ச் கனம் வரும், வண்டி அகலமா கெத்தா இருக்கும்.

ரெஞ்சுராஜா:
கெத்து சரி, கணக்கையும் பாருங்க. ஆஃப்செட்டுன்னா வீலோட அகலத்துல நடுக்கோட்டுல இருந்து ஹப்புல ஒட்டற முகம் எத்தனை எம்எம் வெளிப்பக்கமா இருக்குங்கறது. உங்க ஸ்டாக் வீல் ஆஃப்செட் +44, அந்த சில்வராடோ 20 இஞ்ச் +27 சுமாருக்கு வரும். அதுல அடாப்டரோட 38 எம்எம்ம கழிச்சா மைனஸ் 11. அதாவது இப்ப இருக்கறத விட வீலோட நடு 55 எம்எம் வெளிய போகுது, ரெண்டு இஞ்சுக்கு மேல. ஸ்டியரிங் முழுசா ஒடிச்சா டயர் ஃபெண்டர்ல உரசலாம், வீல் பேரிங் மேல லோடும் ஏறும், மழைல சேறு பூரா கதவுலதான். நல்ல அடாப்டர் விலையையும் சேத்தா 600 டாலர் எங்க போய் நிக்கும்னு நீங்களே பாத்துக்குங்க.

ஹூஸ்டன்வாசி:
சரி, கேன்சல் பண்ணிட்டேன், மனுஷன் கடுப்பாயிட்டார். அப்ப ஃபோர்டு ரேஞ்சர் வீல் பாக்கவா? அதும் ஃபோர்டுதானே. அப்புறம் நேர்ல போனா எப்படி அளக்கறது?

டயர்கடை_அண்ணாச்சி:
தம்பி, ரேஞ்சர் வேண்டாம், 2019ல திரும்ப வந்த ரேஞ்சர் 6×139.7, புது பிரான்கோவும் அதேதான். கம்பெனி பேர பாக்காதீங்க. எக்ஸ்பெடிஷன், லிங்கன் நேவிகேட்டர் ரெண்டும் 2003ல இருந்து 6×135, அதுல தேடுங்க, ஆஃப்செட்டும் கிட்டக்க வரும். 2015க்கு அப்புறம் வந்த எஃப்-150 வீலும் ஏறும், ஆனா அதோட நட்ட எடுத்துடாதீங்க. உங்க ஸ்டட்டு 14 எம்எம், 2.0 பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி, எம்எம்ல), அவங்களது 1.5 பிட்ச். இம்பாக்ட் கன் மெஷின வெச்சு ஏத்துனா மரை போயிடும்.

அளக்கறதுக்கு, 6 ஓட்டைன்னா நேர் எதிர் ஓட்டைங்க சென்டர் டு சென்டர். சென்டர குத்துமதிப்பா பாக்கறதுக்கு பதிலா ஒரு ஓட்டையோட இடது விளிம்புல இருந்து எதிர் ஓட்டையோட இடது விளிம்பு வரைக்கும் டேப்பப் பிடிங்க, அதே அளவுதான் வரும். 5 ஓட்டை வீல்ல நேர் எதிர்ல ஓட்டை இருக்காது, பக்கத்து பக்கத்து ஓட்டை சென்டர் தூரத்த 1.701ஆல பெருக்கணும். 135ன்னா டேப்புல 5.3 இஞ்ச் சொச்சம், அஞ்சரை காட்டுச்சுன்னா திரும்பி வந்துடுங்க.

மாட்டும்போது ஸ்டார் மாதிரி மாத்தி மாத்தி 150 பவுண்டு-அடி டார்க் (முறுக்கு விசை) வைங்க, 100 மைலுக்குள்ள இன்னொரு தடவ டார்க் ரெஞ்சு போட்டு பாத்துருங்க. டயர் பிரஷர் சென்சார பழைய வீல்ல இருந்து கழட்டி வைக்கச் சொல்லுங்க, இல்லன்னா டேஷ்ல லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கும்.