போர் தண்ணீரில் தேறிய கிப்ட் திலாப்பியாவைத் தாய்மீனாக வைக்கலாமா?

வள்ளியூர்_குட்டை:
வணக்கம். ராதாபுரம் தாலுகாவில் 20 சென்ட் தார்ப்பாய் குட்டை, 4 அடி தண்ணீர். முழுக்க போர் தண்ணீர்தான், டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) லிட்டருக்கு 3,800 மி.கி., காலையில் பி.எச். 8.4. மீன்வளத் துறை அனுமதியோடு ஆண் கிப்ட் (தேர்ந்தெடுத்து மேம்படுத்திய நைல் திலாப்பியா ரகம்) குஞ்சு விட்டிருக்கிறோம். இப்போது சராசரி 400 கிராம், சில மீன் 500-ஐத் தாண்டி நிற்கிறது. அதில் 20 பெரிய மீனை ஒதுக்கி, வலையில் வரும் நாலைந்து பெட்டையோடு சேர்த்து அடுத்த பட்டத்துக்கு நாமே குஞ்சு எடுத்தால் என்ன? இந்த உப்பில் தேறிய மீனின் குஞ்சு இதே உப்பைத் தாங்கும்தானே? வண்டி வாடகையும் மிச்சம். விவரம் தெரிந்த அண்ணாச்சிமார் சொல்லுங்க.

பொரிப்பகத்தான்:
வேண்டாம் அண்ணாச்சி. உப்பு விஷயத்துக்குப் பிறகு வருகிறேன், முதலில் ஆண் பெண் கணக்கைப் பாருங்க.

நீங்க வாங்கியது ஹார்மோன் கொடுத்து ஆணாக்கிய குஞ்சு. தீனி எடுக்க ஆரம்பித்ததும் கிலோ தீவனத்துக்கு 60 மி.கி. மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் கலந்து 21 நாள் கொடுப்பார்கள். அது உடம்பைத்தான் மாற்றும், குரோமோசோமை மாற்றாது. உங்க ஆண்களில் ஏறக்குறைய பாதி உள்ளுக்குள் எக்ஸ்எக்ஸ், அதாவது பிறவிப் பெட்டை. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. அது பெட்டையோடு சேர்ந்தால் குஞ்சு அத்தனையும் பெட்டை. நிஜ ஆண் சேர்ந்தால் பாதிக்குப் பாதி. மொத்தத்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து பெட்டை வரும். பெட்டை முட்டையை வாயில் வைத்துக் காக்கும்போது சரியாகத் தீனி எடுக்காது; குட்டை பொடிக்குஞ்சால் நிறையும்; போடுகிற தீவனம் அதற்கே போகும்.

அடுத்து, பெரிய மீன் என்றால் நல்ல வித்து என்று அர்த்தமில்லை. விடும்போதே ஒரு வாரம் மூத்த குஞ்சு கடைசி வரை முன்னால் நிற்கும். எடையில் வம்சத்தால் வரும் பங்கு கால்வாசி என்று வையுங்க. சராசரியைவிட 100 கிராம் கூடிய மீன்களை நிறுத்தினால் அடுத்த தலைமுறைக்கு 25 கிராம்தான் தேறும். அதையும் உள்ளினக் கலப்பு, அதாவது நெருங்கிய உறவு மீன்கள் தங்களுக்குள் சேர்வது, தின்றுவிடும். 20 ஆண், 5 பெண் என்றால் 4×20×5-ஐ 25-ஆல் வகுக்க 16 வரும். தாய்மீன் 25 இருந்தாலும் வம்சக் கணக்கில் 16 மீன்தான். ஒரே தலைமுறையில் 3 சதவீதத்துக்கு மேல் உள்ளினக் கலப்பு. 50 ஆண் 50 பெண் வைத்தால் அரை சதவீதம். உங்க லாட்டே ஒரு சில தாயின் குஞ்சாக இருந்தால் இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும். 1988-ல் பிலிப்பைன்ஸில் கிப்ட் வேலையைத் தொடங்கியபோது எகிப்து, கானா, கென்யா, செனகல் நாட்டு மீன்களோடு அங்கே பண்ணையில் இருந்த நாலு ரகத்தையும் சேர்த்தது இந்த அகலத்துக்காகத்தான். குடும்பம் குடும்பமாகக் குறித்து வைத்துத் தேர்ந்த வேலை அது.

இனி உப்பு. குஞ்சு உப்புத் தண்ணீருக்கு வந்ததும் செவுளில் உப்பை வெளியே தள்ளும் செல்கள் பெருகும். சில நாளில் பழகிவிடும். அந்தப் பழக்கம் அந்த மீனோடு சரி, குஞ்சுக்கு வாரிசாகப் போகாது. ரகமாக ஆக வேண்டுமென்றால் உப்பு தாங்காதவை செத்தோ பின்தங்கியோ கழிய வேண்டும், பல தலைமுறைக்கு. லிட்டருக்கு 4 கிராம் உப்பு நைல் திலாப்பியாவுக்கு ஒரு பொருட்டே இல்லை. எதுவும் கழியாத இடத்தில் தேர்வே நடக்காது.

தாமிரபரணிக்கரை:
மேலே சொன்னதோடு ஒன்று. பக்கத்துக் குளத்து ஜிலேபி கெண்டை உங்க குட்டையில் ஏறியிருக்கிறதா பாருங்க. அது மொசாம்பிக் திலாப்பியா, 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. உப்பைத் தாங்கும், ஆனால் கையளவிலேயே முட்டை வைக்கும். கிப்டோடு தாராளமாகக் கலக்கும். வால் துடுப்பில் மேலிருந்து கீழாகப் பட்டைப் பட்டையாகக் கோடு இருந்தால் நைல். கோடு மங்கி, ஆண் கருத்து, வாய் பெருத்து இருந்தால் கலப்பைச் சந்தேகப்படலாம். வலையில் வரும் அந்த நாலைந்து பெட்டை எங்கிருந்து வந்தது என்று யோசிங்க. தண்ணீர் ஏறும் வழி, இறங்கும் வழி இரண்டிலும் பொடிக்கண் வலை கட்டுங்க. உங்க மீனும் வெளியே குளத்துக்குப் போகக் கூடாது.

தண்ணீரில் உங்களுக்கு உப்பைவிட அம்மோனியாதான் எதிரி. 30 டிகிரியில் பி.எச். 8.4 என்றால் மொத்த அம்மோனியாவில் ஆறில் ஒரு பங்கு நஞ்சு வடிவில் இருக்கும். சாயங்காலம் பாசியால் 9-க்கு ஏறினால் ஏறக்குறைய பாதி. பி.எச். பார்ப்பதை மாலை நாலு மணிக்கு வையுங்க. ஆடிக் காற்றில் தினம் 6 மி.மீ. ஆவியாகி, அதே போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் 100 நாளில் உங்க 3,800 ஏறக்குறைய 5,700 ஆகும். அடித்தண்ணீரைக் கொஞ்சம் வெளியேற்றித்தான் புதிது ஊற்றணும்.

வள்ளியூர்_குட்டை:
சரி அண்ணாச்சி, குஞ்சு வெளியிலேயே வாங்குகிறேன். இரண்டு இடத்துக் குஞ்சில் எது நம்ம தண்ணீருக்கு ஏற்றது என்று எப்படிப் பார்ப்பது?

பொரிப்பகத்தான்:
இரண்டையும் ஒரே குட்டையில் விடுங்க. தனித்தனிக் குட்டையில் விட்டால் ரகத்தைப் பார்க்கிறோமா குட்டையைப் பார்க்கிறோமா என்று பிரிக்க முடியாது. வேறொரு இடத்து நல்ல தண்ணீரில் முதலாவதாக வந்த ரகம் உங்க தண்ணீரில் இரண்டாவதாகப் போகலாம், அதனால் விற்பவர் காட்டும் எடைக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம்.

இரண்டு லாட்டையும் முதலில் ஹாப்பாவில் (குட்டைக்குள் கட்டும் வலைத்தொட்டி) ஒரே தீவனத்தில் 10 கிராம் வரை கொண்டு வாங்க. பெரிதும் பொடியும் கழித்து ஒரே எடையில் நூறு நூறு எடுங்க. ஒன்றுக்கு இடது வயிற்றுத் துடுப்பு, மற்றதற்கு வலது, அடியோடு நறுக்குங்க. மேலோட்டமாக நறுக்கினால் முளைத்து அடையாளம் போய்விடும். ஒரு லாட்டுக்கு மட்டும் நறுக்கினால் அந்தக் காயமே கணக்கைக் கெடுக்கும். 90 நாள் கழித்துத் தனித்தனியாக எடை போடுங்க, பிழைத்த எண்ணிக்கையையும் சேர்த்தே பாருங்க.

கலப்புச் சந்தேகம் தீரணுமென்றால் 30 மீனில் வால் நுனி, நகக்கண் அளவு வெட்டி 95 சத எத்தனாலில் தனித்தனிக் குப்பியில் போட்டு, தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் பார்க்க வசதி இருக்கிறதா என்று கேளுங்க. ஒவ்வொரு மீனுக்கும் கத்தரியைத் துடைத்துத் தீயில் காட்டணும். மைட்டோகாண்ட்ரியா சோதனை மட்டும் போதாது. அது தாய்வழியை மட்டும் சொல்லும். ஆண் ஜிலேபி கலந்திருந்தால் சுத்த நைல் என்றே காட்டும். தாய், தகப்பன் இரு வழியையும் காட்டும் உட்கரு டி.என்.ஏ. குறியீடும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்க.