நியூசிலாந்து சவுத் ஐலண்ட், ரெண்டு பேர், கார் ட்ரிப்

மலைக்குருவி:
நானும் வீட்டுக்காரரும் பிப்ரவரில கிறைஸ்ட்சர்ச்ல கார் எடுத்து குயின்ஸ்டவுன் போறோம், அவருக்கு பஞ்சி ஜம்ப் (கால்ல ரப்பர் கயிறு கட்டிக் குதிக்கறது) பண்ணியே ஆகணுமாம், எனக்கு மலை, ஏரி பாத்தா போதும், ரெண்டும் சேர்ற மாதிரி ரூட் சொல்லுங்களேன்

ஊர்சுத்தி:
டெக்காபோ ஏரி, புகாக்கி ஏரி, லிண்டிஸ் பாஸ் மலைப்பாதை வழியா போங்க. பனியாறு அரைச்ச கல்லுத்தூள் கலந்து புகாக்கி தண்ணி அப்படியொரு நீலம், வானம் தெளிவா இருந்தா மவுண்ட் குக்கும் தெரியும், தயவுசெஞ்சு அங்க அவசரப்படாதீங்க! ஜம்ப்புக்கு குயின்ஸ்டவுன் பக்கத்துல கவராவ் பாலம், 43 மீட்டர் உயரம், 1988லேருந்து நடக்குது. நீங்க நின்னு வேடிக்கை பாக்கலாம்

சக்கரம்:
நம்மூர் மாதிரி இடதுபக்கம்தான் ஓட்டணும். மலைகளுக்கு நடுவுல கடல் உள்ள வர்ற மில்ஃபோர்ட் சவுண்ட் போனா, வழியில வர்ற டீ அனா ஊர்லயே டேங்க் ஃபுல் பண்ணிடுங்க

மலைக்குருவி:
ரொம்ப நன்றிங்க. வீட்டுக்காரர் 134 மீட்டர் உயர நெவிஸ் ஜம்ப்தான் வேணும்ங்கறார், எனக்கு பயமா இருக்கு

ஊர்சுத்தி:
பிபி, முதுகுவலி ஏதாவது இருந்தா முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுடுங்கம்மா