மறு: ‘திராஷிங்’ – அல்லாடல் என்று வைத்துக்கொள்ளலாமா?

> அகராதியில் அடித்தல், கதிரடித்தல் என்றுதான் பொருள் கிடைக்கிறது. ‘நினைவகக் கதிரடிப்பு’ எப்படி?

வேண்டாம் ஐயா. நாம் தமிழ்ச் சொல் தேடும் ‘திராஷிங்’ (thrashing), நினைவகம் போதாமல் கணினி வேலை நகராமல் திணறும் நிலை. கதிரடித்தால் களத்தில் நெல்லாவது மிஞ்சும். இங்கே வைக்கோல்கூட மிஞ்சாது.

ஆங்கிலச் சொல்லைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, எந்திரம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். சில வருடங்களுக்கு முன் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் ஐபிஎம்மின் ஏஎஸ்/400 சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. சம்பளப் பட்டியல் போடும் நாளில் மட்டும் எல்லா மேசையிலும் திரை உறைந்துவிடும். என்டர் தட்டினால் கீழ் வரியில் எக்ஸ் குறி வந்து உட்காரும்; டீ குடித்துவிட்டு வந்தாலும் போகாது. எல்லோரும் நெட்வொர்க்கைத்தான் திட்டினார்கள். நானும் முதலில் ஸ்விட்சைத்தான் பார்த்தேன். ஒரு முனையை ஃபுல் டூப்ளெக்ஸில் (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும்) நிறுத்திவிட்டு மறுமுனையைத் தானே தேர்ந்துகொள்ளும் ஆட்டோ அமைப்பில் விட்டால், அந்த மறுமுனை ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்) இறங்கிவிடும். பிங் என்கிற சிறு சோதனைச் செய்தி ஒழுங்காகப் போகும், பெரிய கோப்பு அனுப்பினால் நொண்டும். அங்கே அந்தக் கோளாறு இல்லை.

அப்புறம் சிஸ்டம் ஸ்டேட்டஸ் திரைக்குப் போனேன். எஃப்10 தட்டி எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்கவிட்டு, ஒரு நிமிடம் கழித்து எஃப்5. சிபியு 18 சதவீதம்! சும்மா உட்கார்ந்திருக்கிறது. டிஸ்க் திரையிலோ ஒவ்வொன்றும் 70-ஐத் தாண்டி ஓடுகிறது. ஊழியர்களின் திரைகளுக்கு ஒதுக்கிய நினைவகக் குளத்தில் (மெமரி பூல்) பக்கப் பிழைகள் (வேண்டிய ‘பக்கம்’, அதாவது நினைவகத் துண்டு, உள்ளே இல்லாமல் டிஸ்க்கிலிருந்து எடுக்க நேர்வது) எகிறிக்கொண்டிருந்தன. யாரோ ஒருவர் பெரிய குவெரி (தரவுத் தேடல்) ஒன்றைப் பேட்சுக்கு (பின்னணி வரிசைக்கு) அனுப்பாமல் தன் திரையிலேயே ஓடவிட்டிருந்தார். குளங்களுக்கு நினைவகத்தைத் தானாகப் பிரித்துக்கொடுக்கும் வசதியையும் எப்போதோ அணைத்து வைத்திருந்தார்கள். (‘குளம்’ எனக்கு முழுத் திருப்தி இல்லை. அது தனி இழை.)

ஒரு பணி தன் பக்கத்தை உள்ளே கொண்டுவர இன்னொரு பணியின் பக்கத்தை வெளியே தள்ளுகிறது. மறுகணமே அந்தப் பணிக்கு அதே பக்கம் வேண்டும். இப்போது முதல் பணியினுடையது வெளியே போகிறது. டிஸ்க்குக்கும் நினைவகத்துக்கும் நடையாய் நடப்பதிலேயே பொழுது போகிறது, வேலை நகரவில்லை. கணினி அறிஞர் பீட்டர் டென்னிங் 1968-இலேயே இதை விளக்கிவிட்டார்: ஓடும் பணிகளுக்கு அப்போதைக்கு வேண்டிய பக்கங்கள் எல்லாம் சேர்ந்து நினைவகத்தில் அடங்காவிட்டால் இதுதான் கதி.

ஒரு சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸுக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் இடையே நடப்பவரை நாம் எப்படிச் சொல்வோம்? ‘அல்லாடுகிறார்’. அதே சொல்தான் இங்கும். வினையாகவும் வரும், பெயராகவும் வரும்: குளம் அல்லாடுகிறது, அல்லாடல் குறைந்தது.

இதற்குத் தனிச் சொல் அவசியமா என்று கேட்கலாம். அவசியம்தான். ஓரிடம் குறுகி வேலை தேங்கும் ‘இடுக்கு’ (bottleneck) என்றால் அகலப்படுத்த வேண்டும். அல்லாடலுக்கோ பல நேரம் ஆட்களைக் குறைப்பதே மருந்து: ஒரே நேரத்தில் ஓடக்கூடிய பணிகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் மொத்த வேலை வேகமாக முடியும். இரண்டையும் ‘மந்தம்’ என்றே எழுதினால் படிப்பவர் வேகமான சிபியு வாங்கச் சொல்வார். அந்த ஆலையில் புதுச் சர்வருக்குக் கொட்டேஷன் வரை போயிருந்தார்கள். குவெரியை நிறுத்திப் பேட்சுக்கு மாற்றினோம், திரைகள் மீண்டுவிட்டன.

----

> ‘அல்லாடுகிறது’

நண்பரே, சொல் பிடித்திருக்கிறது. ஆனால் இரண்டு குறை. ஒன்று, இது மனிதர் படும் பாடு. கையேட்டில் எழுதினால் எந்திரத்துக்காக நாம் இரங்குவதுபோல் இல்லையா? இரண்டு, ‘பக்கப் பிழை’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதில் பிழை எங்கே இருக்கிறது? தேடிய பக்கம் நினைவகத்தில் இல்லை, அவ்வளவே. ‘பக்கமின்மை’ என்பேன். நினைவகம் குறைந்த விண்டோஸ் கணினியிலும் ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிவது இதனால்தானே? அங்கும் ‘அல்லாடல்’ செல்லுமா?

----

செல்லும். விளக்கு எரிய, மவுஸ் நகராமல் நிற்பதைப் பார்த்தவருக்கு விளக்கமே வேண்டாம். ஆனால் விளக்கை மட்டும் நம்ப வேண்டாம்; வைரஸ் ஸ்கேன் ஓடினாலும் அப்படித்தான் எரியும்.

‘பக்கமின்மை’ சரி, நான் எழுதியது பழக்கதோஷம். திருத்திக்கொள்கிறேன். எந்திரத்துக்கு இரங்குவது பற்றி: ‘தொங்கிவிட்டது’, ‘படுத்துவிட்டது’ என்றெல்லாம் தினமும் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம்?

இன்று இரவுப் பணிக் குறிப்பேட்டில் இப்படி எழுதிவைக்கப் போகிறேன்: ‘குளம் 3 அல்லாடினால் முதலில் குவெரியைப் பார்க்கவும், சர்வரை அணைக்க வேண்டாம்.’ பணியில் இருக்கும் பையன் அர்த்தம் கேட்டு எனக்கு ஃபோன் போட்டால், வேறு சொல் தேடலாம்.