மொரிஷியஸில் படிப்பு இலவசம், டியூஷன் மட்டும் வீட்டு வாடகையைத் தாண்டுகிறதே?

கத்ர்போர்ன் அப்பா:
பையன் கிரேடு 12, அடுத்த வருடம் எச்.எஸ்.சி. என்ற பள்ளி இறுதித் தேர்வு, கேள்வித்தாள் கேம்பிரிட்ஜிலிருந்து வரும். ஸ்கூல் ஃபீஸ் கிடையாது, பஸ்ஸும் 2005லிருந்து மாணவர்களுக்குச் சும்மா. ஆனால் கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மூன்றுக்கும் டியூஷன். நிறுத்தலாம் என்றால் மனைவி, "ஊரே போகுது, நம்ம பிள்ளை மட்டும் சும்மா இருக்கணுமா?" என்கிறாள். எச்.எஸ்.சி.யில் முதலிடம் பிடித்து அரசு உதவித்தொகை வாங்கும் லாரியட் ஆசையெல்லாம் எங்களுக்கு இல்லை. டியூஷன் இல்லாமல் இங்கே யாராவது கரையேறியிருக்கிறீர்களா?

ரோஸ்ஹில் தாத்தா:
தம்பி, 1975 மே 20 அன்று பள்ளிப் பிள்ளைகள் படிப்பில் சம உரிமை கேட்டுத் தலைநகர் போர்ட் லூயிக்கு ஊர்வலம் போனபோது கிராண்ட் ரிவியேர் பாலத்தருகே போலீஸ் கண்ணீர்ப்புகை அடித்தது. அதற்குப் பிறகுதான் 1976 டிசம்பர் தேர்தலில் பதினெட்டு வயதுக்காரர்களுக்கும் ஓட்டு, 1977லிருந்து இடைநிலைப் படிப்பு இலவசம். அதுவரை கரும்புத் தோட்டக் குடும்பங்களில் ஒரு பையனைப் படிக்க வைப்பதே பெரும்பாடு, என் அக்கா ஆறாவதோடு நின்றவர். அதனால் ஃபீஸ் போனதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஆனால் அதில் படித்து அரசாங்க உத்தியோகத்துக்கு வந்த எங்கள் ஆட்களே தங்கள் பிள்ளைகளுக்குத் தனி வாத்தியார் பிடித்தார்கள், ஃபீஸ் வாசல் வழியாகப் போய்க் கொல்லை வழியாக வந்துவிட்டது.

கெமிஸ்ட்ரி டீச்சர்:
எங்களைத் திட்டுவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். பகலில் வகுப்பில் பாடம் எடுத்த அதே ஆள் சாயங்காலம் கார் ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு பழைய கேம்பிரிட்ஜ் கேள்வித்தாள்களைப் போட்டுக் கொடுக்கிறார், அவ்வளவுதான் அதில் இருப்பது. பையன் பலமாக இருக்கும் பாடத்தில் டியூஷனை நிறுத்துங்கள். பழைய தாளும் விடைக்கு மார்க் போடும் மார்க் ஸ்கீமும் இருந்தால் அவனே போட்டுப் பார்த்துக்கொள்வான், சந்தேகத்தை வகுப்பிலேயே கேட்கட்டும், கேட்டால் சொல்லாமல் போகமாட்டோம்.

ரோஷ் புவா பொண்ணு:
எல்லாரும் எச்.எஸ்.சி. பற்றியே பேசுகிறீர்கள், போர்ட் லூயி ஓரத்து எங்கள் ஏழைப் பகுதியில் ஆறாம் கிரேடிலேயே கழன்றுபோகிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று பாருங்கள். வீட்டில் பிரெஞ்சிலிருந்து வந்த எங்கள் பேச்சுமொழி கிரியோல், பரீட்சை ஆங்கிலத்தில், கிரியோல் ஒரு பாடமாக வந்ததே 2012ல்தான். 2016 வரை ஆரம்பப் பள்ளி முடிவில் எழுதும் சி.பி.ஈ. என்ற ஒரே தேர்வு பதினொரு வயதில் பிள்ளைகளைத் தரம் பிரித்தது, பெயர் மாறியும் தாய்மார்களின் பயம் மாறவில்லை. அப்புறம் ஒன்று, காசுள்ளவர்கள் பிள்ளைகளை கியூர்பிப், மோகா பக்கத்து லிசே என்ற பிரெஞ்சு முறைப் பள்ளிகளில் சேர்த்து பாக்கலோரியா என்ற பிரெஞ்சு இறுதித் தேர்வை எழுதவைத்து பிரான்சுக்கு அனுப்புகிறார்கள். உங்கள் போட்டியில் அவர்கள் இல்லவே இல்லை சார், நீங்கள் பக்கத்து வீட்டுப் பையனோடு மல்லுக்கட்டுகிறீர்கள்.

கத்ர்போர்ன் அப்பா:
உண்மைதான், பக்கத்து வீட்டுப் பையன் நாலு பாடத்துக்குப் போகிறான்! சரி, கணக்கை நிறுத்திப் பார்க்கிறேன், அதில் அவன் கெட்டி. மனைவியிடம் டீச்சரே சொன்னார் என்று சொல்லலாமா?

கெமிஸ்ட்ரி டீச்சர்:
தாராளமாக. கெமிஸ்ட்ரி டீச்சர் என்று மட்டும் சொல்லாதீர்கள்.