மூலம் கிரேடு 3: ஆபரேஷனா, மருந்துலயே ஓட்டலாமா?

கேள்வி: மோஷன் போகும்போது வெளிய வந்துடுது, கையால தள்ளினாதான் உள்ள போகுது, அப்பப்ப சொட்டு சொட்டா ரத்தம் வேற. டாக்டர் கிரேடு 3ன்னு சொல்லி ஆபரேஷன்னு முடிச்சிட்டார். வலிய நெனச்சாலே பயமா இருக்கு, மாத்திரை க்ரீம்லயே சமாளிக்க முடியாதா?

பதில் 1: க்ரீம் எரிச்சலதான் அடக்கும், தொங்கிப்போன சதைய மேல ஏத்தாதுங்க. ஆனா நேரா கத்திக்கு போகணும்னும் இல்ல, ரப்பர் பேண்ட் போடலாமான்னு கேளுங்க. அடியில சின்ன வளையத்த மாட்டிருவாங்க, ரத்த ஓட்டம் நின்னு சுருங்கி சுமார் ஒரு வாரம் பத்து நாள்ல தானா விழுந்துடும், பெரும்பாலும் மயக்க மருந்துகூட வேணாம். கிரேடு 2, 3க்கு நெறைய பேருக்கு இதான். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறவங்களா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க.

பதில் 2: நான் ஆபரேஷனே பண்ணிக்கிட்டேன். பொய் சொல்லல, அதுக்கப்புறம் முதல் மோஷன் நரகம், வெதுவெதுப்பான தண்ணி டப்புல உக்காந்தப்பதான் உயிரே வந்துச்சு. ஆனா திரும்ப வர்ற சான்ஸ் பேண்ட விட இதுல கம்மி.

பதில் 3: எது பண்ணாலும் நார்ச்சத்து, தண்ணி, முக்காம போறது எதையும் விடாதீங்க, போனும் கையுமா டாய்லெட்லயே உக்காந்திருக்கறதயும் நிறுத்துங்க. ஆமா, ரத்தம் மூலத்துலேருந்துதான் வருதுன்னு ஸ்கோப் (உள்ள பாக்கற கேமரா குழாய்) போட்டு பாத்தாங்களா? வயசு 45 தாண்டியிருந்தா மொதல்ல அதக் கேளுங்க.