ஹரித்வாரில் காந்தம் போட்டுத் தங்கம் எடுத்தார்களாம்!

பழைய வாத்தியார்:
டெல்லித் தமிழர் குழுவில் மயூர் விஹார் மாமி நேற்று எழுதியதை அப்படியே தருகிறேன். "தசராவுக்கு மறுநாள் கங்கைக் கால்வாயை அடைத்துவிட்டார்கள். ஹர் கி பௌரி படித்துறையில் கணுக்கால் தண்ணீர்தான். பக்தர்கள் வீசிய காசைத் தேடி ஒரு பையன் கயிற்றில் காந்தம் கட்டி இழுத்தான். தங்க மோதிரம் ஒட்டிக்கொண்டு வந்தது. எல்லாம் கங்கா மாதாவின் கருணை." கருணை இருக்கட்டும். தங்கம் காந்தத்தில் ஒட்டாது. முப்பத்தொரு வருடம் எட்டாம் வகுப்புக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எந்த மக்குப் பையனுக்கும் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்ததில்லை.

மயூர் விஹார் மாமி:
நான் என் இரண்டு கண்ணால் பார்த்தேன், சார். நீங்கள் அங்கே இருந்தீர்களா?

பழைய வாத்தியார்:
நான் இருந்திருந்தாலும் தங்கம் ஒட்டியிருக்காது.

லக்ஷ்மி நகர் தம்பி:
மோதிரம் ஒட்டியதோ இல்லையோ, கால்வாயை மூடினால் எங்கள் வீட்டுக் குழாயில் காற்றுதான் வருகிறது. முராத்நகர் வழியாக வரும் கங்கைத் தண்ணீரைத்தான் சோனியா விஹாரிலும் பாகீரதி நிலையத்திலும் சுத்திகரிக்கிறார்கள். தசரா முதல் தீபாவளி வரை வருடந்தோறும் இதே கதை. யமுனையை இறைத்துச் சமாளிக்கிறோம் என்கிறார்கள். பக்கெட்டில் பார்த்தால் தெரியும் அந்தச் சமாளிப்பு.

பழைய வாத்தியார்:
தம்பி, தண்ணீரைப் பற்றித் தனியாகப் பேசுவோம். இங்கே கேள்வி ஒன்றுதான். அந்தப் பையன்களின் காந்தத்தில் எது ஒட்டும்? 1992 முதல் வந்த எஃகு ஒரு ரூபாய் ஒட்டும். 1988 முதல் வந்த எஃகு ஐம்பது பைசா ஒட்டும். 1975 முதல் வந்த பெரிய ரூபாய் செம்பும் நிக்கலும் கலந்தது, ஒட்டாது. தடித்த பழைய ஐந்து ரூபாயும் ஒட்டாது. வெள்ளி, செம்பு, தங்கம் மூன்றுமே ஒட்டாது. அதனால்தான் தண்ணீர் வற்றியதும் குடும்பம் குடும்பமாகச் சல்லடையோடு இறங்குகிறார்கள். காந்தத்தில் தங்கம் வருமென்றால் சல்லடை எதற்கு, மாமி?

மயூர் விஹார் மாமி:
கரையில் இருந்த கடைக்காரரே உரைகல்லில் உரைத்துப் பார்த்துத் தங்கம் என்றார். அவர் உங்களிடம் எட்டாம் வகுப்பு படிக்காததால் அப்படிச் சொல்லிவிட்டாரோ என்னவோ.

பழைய வாத்தியார்:
உரைகல்லில் தெரிவது மேல்பரப்பு மட்டும். இரும்பு மோதிரத்துக்கு முலாம் பூசியிருந்தால் அதுவும் மினுக்கத்தான் செய்யும். வடக்கே சனிக்காக இரும்பு மோதிரம் போடுகிறவர்கள் எத்தனை பேர்! ஒட்டியது சனீஸ்வரன், மகாலட்சுமி அல்ல.

கரூர்க்காரன்:
எவர்சில்வர் ரூபாயைப் பொறுக்குவதை எல்லாம் புதையல் வேட்டை என்கிறீர்களே, சிரிப்பு வருகிறது. எங்கள் அமராவதி ஆற்று மணலைச் சலித்தால் சேரர் காசு வந்தது. மாக்கோதை என்று பெயர் பொறித்த வெள்ளிக் காசு, கொல்லிப்பொறை காசு, ரோமானியக் காசு எல்லாம் அந்த மணலில் கிடைத்தவை. ஆறு என்றால் அது.

முனிர்கா முத்து:
அந்த மணலை முழுவதும் லாரியில் ஏற்றி விற்றது யார், அண்ணா? ரோமானியனா?

கரூர்க்காரன்:
காவிரிக்காரர்கள் மணலைப் பற்றிப் பேசலாமா? உங்கள் ஊர்ப் பக்கம் வந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

சட்டம் படித்தவன்:
ஒரு நிமிடம். எதைப் புதையல் என்கிறோம் என்று முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. 1878 ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருக்கும் மதிப்புள்ள எதுவும் புதையல். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறைகூட உண்டு. பக்தர் ஆற்றில் வீசிய காசு இதில் அடங்குமா என்பதுதான் உண்மையான கேள்வி.

பழைய வாத்தியார்:
அடங்கட்டும், அடங்காமல் போகட்டும். தங்கம் காந்தத்தில் ஒட்டாது.

மயூர் விஹார் மாமி:
பத்து ரூபாய்க்குக் கலெக்டரா? அந்தப் பையன் பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட இறங்குகிறான். காலில் கண்ணாடி குத்தி ரத்தம் வந்ததையும் பார்த்தேன். அதைப் பற்றி ஒருவராவது கேட்டீர்களா? காந்தம், காந்தம், காந்தம்!

முனிர்கா முத்து:
இதில் மாமி பக்கம் நான். ஆனால் முன்னோர்கள் ஆற்றில் செம்புக்காசு போட்டது தண்ணீர் சுத்தமாவதற்காக என்பார்கள். அறிவியல் அன்றே நம்மிடம் இருந்தது.

பழைய வாத்தியார்:
இன்று நீங்கள் போடுவது எஃகு. செம்பும் இல்லை, சுத்தமும் இல்லை. சுத்தமாகக் குறைவது உங்கள் பாக்கெட்.

ரூர்க்கி ரசிகன்:
நீர் வடிந்தபோது 2024 இல் ஹர் கி பௌரி அருகே பழைய தண்டவாளம் தெரிந்ததே, அதைச் சொல்லுங்கள். அதுதான் புதையல்! ஆங்கிலேய எஞ்சினியர் காட்லி துரை 1842 இல் தொடங்கி 1854 இல் திறந்த கால்வாய் இது. சோலானி ஆற்றுக்கு மேலே பாலம் கட்ட மண் சுமக்க 1851 லேயே ரூர்க்கியில் நீராவி எஞ்சின் ஓடியது. பம்பாய் ரயிலுக்கு முன்னால்!

கரூர்க்காரன்:
1837 இலேயே சென்னையில் செங்குன்றத்திலிருந்து கல் ஏற்றிக்கொண்டு ரயில் ஓடியது. ரூர்க்கி பிறகுதான். எதிலும் நாம் முந்தியவர்கள் என்பதை டெல்லிக்கு வந்ததும் மறந்துவிடுகிறோம்.

ரூர்க்கி ரசிகன்:
முந்தியவர் நீங்களா, வெள்ளைக்காரனா?

கரூர்க்காரன்:
கல் எங்களுடையது.

சட்டம் படித்தவன்:
நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

பழைய வாத்தியார்:
மாமிக்கு ஒரு யோசனை. அடுத்த கிருத்திகைக்கு மலை மந்திர் முருகன் கோயிலுக்கு வாருங்கள். நான் காந்தம் கொண்டுவருகிறேன். உங்கள் சங்கிலியை அதன் பக்கத்தில் பிடியுங்கள். ஒட்டினால் அர்ச்சனைச் செலவு என்னுடையது.

மயூர் விஹார் மாமி:
உங்களோடு ஒரு இடத்துக்கும் வருவதாக இல்லை. என் மாப்பிள்ளை எஞ்சினியர். அவரிடம் கேட்டேன், கலப்படத் தங்கமாக இருந்தால் ஒட்டலாம் என்கிறார்.

பழைய வாத்தியார்:
கம்ப்யூட்டர் எஞ்சினியர்தானே? நகையில் கலப்பது செம்பும் வெள்ளியும். அவையும் ஒட்டாது. இரும்பைக் கலந்தால் அதற்குப் பெயர் கலப்படம் அல்ல, கொள்ளை.

மயூர் விஹார் மாமி:
இந்தக் கோபம் மோதிரத்தால் வந்ததில்லை என்று எல்லோருக்கும் தெரியும். போன வருட ஹரித்வார் யாத்திரையில் உங்களை ரூர்க்கி டீக்கடையில் விட்டுவிட்டு பஸ் கிளம்பியதே, அந்தக் கோபம். மூன்று முறை ஹாரன் அடித்தோம், சார். இரண்டாவது டீ கேட்டது நீங்கள்.

பழைய வாத்தியார்:
ஒரே ஒரு ஹாரன். மூன்று என்பதும் தங்க மோதிரம் போலத்தான். அந்த யாத்திரைக்கு வாங்கிய 850 ரூபாயில் திரும்பும் வழிப் பணம் எனக்கு இன்னும் வரவில்லை. லாரியில் ஏறி வந்தேன், இந்த வயதில்.

முனிர்கா முத்து:
அந்த லாரியில் இருந்தது கரூர் மணலா?

கரூர்க்காரன்:
முத்து, உனக்குத் தனியாகப் பதில் எழுதுகிறேன். நீளமாக.

லக்ஷ்மி நகர் தம்பி:
ஐயா, இன்று காலை யாருக்காவது தண்ணீர் வந்ததா? எங்களுக்கு ஆறரை மணிக்குப் பத்து நிமிடம், அதுவும் மஞ்சளாக.

பழைய வாத்தியார்:
மஞ்சளா? மாமியிடம் சொல்லுங்கள், காந்தம் போட்டுப் பார்ப்பார்.

மயூர் விஹார் மாமி:
850 இல் திரும்பும் வழிக் கட்டணம் அடங்கியது என்று எங்கே எழுதியிருக்கிறது? ரசீதைப் போடுங்கள்.

பழைய வாத்தியார்:
ரசீது கொடுத்தீர்களா?